அவர் ஏன் மெம்பிசுக்குச் சென்றார்?



பேச்சுப் போட்டிக்காக ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றி உரை எழுதிக் கொடுத்தேன். 1929இல் அட்லாண்டாவில் பிறந்தார். 1955இல் மாண்ட்கோமரி நகரில் தொடங்கி 381 நாள்கள் நீடித்த பேருந்துப் புறக்கணிப்பை வழிநடத்தினார். 1963இல் வாஷிங்டனில் தம் கனவை எடுத்துரைத்தார். 1964இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மெம்பிசில் சுட்டுக் கொல்லப்பட்டார். பல ஆண்டுகளாக நான் கற்பித்து வரும் வரிசை இதுதான்.

மனனம் செய்துகொண்டிருந்தவன் நிமிர்ந்து, "டீச்சர், அவர் எதற்காக மெம்பிசுக்குப் போனார்?" என்று கேட்டான். "கூட்டத்தில் பேசத்தான்" என்று சமாளித்தேன். அன்றிரவு தேடிப் படித்தேன்.

1968 பிப்ரவரி முதல் நாள் மெம்பிசில் மழை. குப்பை லோரியின் பின்புறத்தில் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்னும் கறுப்பினத் தொழிலாளர் இருவர், குப்பையை அழுத்தும் இயந்திரம் தானே இயங்கியதால் நசுங்கி மாண்டனர். பிப்ரவரி 12ஆம் நாள் ஏறத்தாழ 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். அவர்கள் ஏந்திய பதாகைகள், 'நான் ஒரு மனிதன்' என்று மட்டுமே கூறின.

அவர்களுக்குத் துணைநிற்கவே கிங் சென்றார். குப்பை அள்ளுபவர் பணி செய்யாவிட்டால் நோய் பரவும். ஆகவே அவர் பணி மருத்துவர் பணிக்குக் குறைந்ததன்று என்று மார்ச் 18ஆம் நாள் அவர்களிடையே பேசினார். மார்ச் 28ஆம் நாள் பேரணி கலவரத்தில் முடிந்தது. அமைதியான பேரணி ஒன்றை நடத்திக் காட்ட வேண்டும் என்று ஏப்ரல் 3ஆம் நாள் மீண்டும் வந்தார். மறுநாள் மாலை, லோரேன் விடுதியின் மாடி முகப்பில் நின்றபோது குண்டு பாய்ந்தது. அப்போது அவருக்கு வயது 39. நான்கே நாளில் அவர்தம் துணைவியார் கொரெட்டா அப்பேரணியை முன்னின்று நடத்தினார். ஏப்ரல் 16ஆம் நாள் தொழிலாளர்களின் சங்கம் ஏற்கப்பட்டது, ஊதியமும் உயர்ந்தது.

இதைப் படித்தபோது நான் முன்பு உதிர்த்த சொல் ஒன்று என்னைச் சுட்டது. வீட்டுப்பாடம் செய்யாத ஒரு மாணவனிடம், "படிக்காவிட்டால் குப்பை அள்ளத்தான் போவாய்" என்று கூறியிருந்தேன். வகுப்பே சிரித்தது. ஒரு மாணவி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய தந்தை குப்பை லோரியில் பணிபுரிபவர். அஃது எனக்குத் தெரியாததன்று. பதிவேட்டில் அவருடைய தொழிலை எழுதியவளே நான்தான்.

மறுநாள் மெம்பிஸ் கதையை வகுப்பில் முழுமையாகச் சொன்னேன். அன்று நான் கூறியது தவறு என்றும் சொன்னேன். அம்மாணவி ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

பேச்சுப் போட்டி உரையில் இப்போது அத்துப்புரவுத் தொழிலாளர்களும் இடம்பெற்றுள்ளனர். நேரம் போதாமையால் நோபல் பரிசைப் பற்றிய வரியை நீக்கிவிட்டோம்.

பெற்றோர்களே, பிள்ளைகளைப் படிக்கத் தூண்ட நாம் வீட்டிலும் பள்ளியிலும் இந்தச் சொல்லைத்தான் எளிதாகக் கையாளுகிறோம். இனி வேறு சொல் தேடுவோமே!