பெட்டிக்குள் இருந்த கோப்பைகள்

சில மாதங்களுக்கு முன் கற்பிட்டிப் பாதையோரம் உள்ள ஒரு வீட்டுக்கு வேலை விடயமாகப் போயிருந்தேன். வீடு வீடாகச் சென்று குடும்பங்களின் நிலைமையைக் கேட்டு எழுதுவது ஒரு சமூகப் பணியாளராக என் அன்றாட வேலை. அந்த வீட்டுத் தந்தை கட்டாரில் சாரதியாக இருக்கிறார். தாய் வெங்காயத் தோட்டத்துக்கு நாட்கூலிக்குப் போகிறார். மூன்று பிள்ளைகள்.

நான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது மூத்த மகள் ஒரு கடதாசியோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு. வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருந்தாள்.

"கெட்டிக்காரி! வீட்டில என்ன விசேஷம் செய்தீங்க?" என்று கேட்டேன்.

பிள்ளை தாயைப் பார்த்தாள். தாய் சொன்னார்: "வாப்பா அடுத்த வருஷம் வாறார் மிஸ். அவர் வந்த பிறகு எல்லாத்தையும் சேத்து நல்லாச் செய்வம்."

பிள்ளை ஒன்றும் பேசவில்லை. கடதாசியை நாலாக மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அடுத்த கேள்விக்குப் போனேன். ஆனால் "பிறகு செய்வம்" என்ற அந்தச் சொல் பஸ்ஸில் திரும்பி வரும்போதும் என் காதிலேயே நின்றது. ஏனென்றால் அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

ஊருக்குப் போய்ப் பார்ப்பம்

1990 ஒக்டோபர் மாத இறுதியில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. மன்னார்த் தீவில் இருந்த எங்கள் குடும்பம் வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியது. எனக்கு அப்போது ஒன்றரை வயது. கடலும் நினைவில்லை, வள்ளமும் நினைவில்லை. கற்பிட்டி, புத்தளம் மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் வீட்டு முற்றங்களையும் எங்களுக்காகத் திறந்துவிட்டதை உம்மா சொல்லித்தான் அறிந்தேன்.

எனக்கு நினைவு தெரிந்தபோது நாங்கள் ஆலங்குடாப் பக்கம் ஒரு முகாமில் இருந்தோம். கிடுகுக் கொட்டில், மணல் தரை, அடுத்த கொட்டிலில் இருமினாலும் எங்களுக்குக் கேட்கும். அந்தக் கொட்டிலில் உம்மாவின் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை, "ஊருக்குப் போய்ப் பார்ப்பம்" என்பது. புதுச்சட்டை கேட்டாலும் அதுதான் பதில். தம்பிக்குக் குர்ஆன் ஓதத் தொடங்கியபோதும், ராத்தா வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தபோதும் அதுதான் பதில்.

உம்மாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வீடு, கிணறு, தென்னை, நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடுத்த உடுப்போடு வந்த பெண் அவர். இங்கே சிரித்துவிட்டால் அங்கே விட்டு வந்ததை மறந்ததாகிவிடும் என்று அவர் மனம் பயந்திருக்க வேண்டும். இந்தப் பயத்தை இழப்புகளைச் சந்தித்த பல குடும்பங்களில் இன்றும் நான் காண்கிறேன்.

எங்கள் வீட்டில் இதற்கு எதிர்க்கட்சி ஒன்றும் இருந்தது. அது என் உம்மம்மா.

வெளியேறி வந்த பிறகு முதலாவது நோன்புப் பெருநாள் 1991 ஏப்ரலில் வந்தது. முதல் நாள் இரவு உம்மம்மா எங்கிருந்தோ மருதோன்றி இலை பறித்து வந்து கல்லில் வைத்து அரைத்தாராம். உம்மாவுக்குக் கோபம் பொறுக்கவில்லை. "ஊரும் போச்சு, வீடும் போச்சு, இப்ப மருதோன்றி ஒண்டுதான் குறைச்சல்" என்று சத்தம் போட்டிருக்கிறார். உம்மம்மா அரைப்பதை நிறுத்தாமலே சொன்னாராம்: "பெருநாள் எங்களத் தேடி ஊருக்குப் போகல்ல மகள். நாங்க இருக்கிற இடத்துக்குத்தான் வந்திருக்கு. வந்ததைத் திருப்பி அனுப்பேலாது."

நிலவு நாளும் எண்ணெய் விளக்கும்

உம்மம்மாவிடம் காசு இருக்கவில்லை. ஆனால் நாட்களை வேறுபடுத்தத் தெரிந்திருந்தது. நிவாரண அரிசியும் பருப்பும் எல்லா நாளையும் ஒரே நாளாக்கிவிடும். அதை அவர் விடமாட்டார்.

பதினான்காம் நிலவு வந்தால் எங்கள் கொட்டிலில் விளக்கு ஏற்றக்கூடாது. பாயை வெளியே மணலில் விரித்து, சோற்றையும் மீன் கறியையும் ஒரே தட்டில் பிசைந்து, சுற்றியிருக்கும் பிள்ளைகளின் கையில் உருண்டை உருண்டையாக வைப்பார். பக்கத்துக் கொட்டில் பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள். அவர்களுக்கும் ஒரு கவளம். அன்றைக்கு மண்ணெண்ணெய் மிச்சம். அந்த மிச்சத்தை மாதக் கடைசியில் பரீட்சைக்குப் படிக்கும் ராத்தாவுக்குக் கொடுப்பார். எங்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய கொண்டாட்டம், செலவைக் குறைத்த கொண்டாட்டம்!

பெருநாளைக்கு வட்டிலப்பமும் செய்வார். ஒன்பது பேருக்கு மூன்று முட்டை. தேங்காய்ப்பாலைக் கூட்டி, கருப்பட்டியைக் குறைத்து, வெறும் பால்மா ரின்னில் ஊற்றி அவிப்பார். இறுகவே இறுகாது. கரண்டியால் அள்ளிக் குடிக்க வேண்டும். இன்று நான் பத்து முட்டை போட்டுச் செய்தாலும் ராத்தா வந்து ருசி பார்த்துவிட்டு, "உம்மம்மாட தண்ணி வட்டிலப்பம் மாதிரி வராது" என்கிறாள்.

1996ஆம் ஆண்டு உம்மா வெங்காயம் பிடுங்கிய கூலியில் மிச்சம் பிடித்துப் புத்தளம் நகரத்தில் ஆறு கண்ணாடிக் கோப்பைகள் வாங்கினார். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு ரோஜாப் பூ. எனக்கு ஏழு வயது. அதில் தேத்தண்ணி குடிக்கும் ஆசையில் இரவு தூக்கமே வரவில்லை. உம்மா கோப்பைகளைப் பத்திரிகைத் தாளில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்தார். "இது ஊர் வீட்டுக்கு."

2002இல் யுத்த நிறுத்த உடன்படிக்கை வந்து பாதை திறந்ததும் உம்மாவும் வாப்பாவும் ஊரைப் பார்த்துவரப் போனார்கள். கூரை இல்லை. அறைக்குள் எருக்கலை முளைத்திருந்தது. திரும்பி வந்த உம்மா இரண்டு நாள் பேசவில்லை. உம்மம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி: "கிணத்துத் தண்ணி இன்னும் நல்லமா?" அதற்கு மூன்று வருடங்களுக்குப் பிறகு, 2005இல், உம்மம்மா புத்தளம் மண்ணிலேயே அடக்கப்பட்டார்.

உலக வங்கியின் உதவியோடு 2007இல் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டத்தில் இடம்பெயர்ந்தோர் பலருக்குக் கல் வீடுகள் கிடைத்தன. எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. 2009இல் யுத்தம் முடிந்தது. சிலர் ஊருக்குத் திரும்பினார்கள், சிலர் இங்கேயே தங்கினார்கள், பலர் இரண்டு இடத்திலும் கால் வைத்து வாழ்கிறார்கள். தகரப் பெட்டி மட்டும் கட்டிலுக்குக் கீழே அப்படியே இருந்தது.

2020 மே மாதம் வந்த நோன்புப் பெருநாள் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். கொரோனா, ஊரடங்குச் சட்டம், பள்ளிவாசல் பூட்டு, யாரும் யார் வீட்டுக்கும் போகமுடியாது. என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. சும்மா இருக்கமுடியாமல் கட்டிலுக்குக் கீழே புகுந்து பெட்டியைத் திறந்துவிட்டாள். "உம்மம்மா, பூக் கோப்பை!" என்று கத்தினாள். என் உம்மா ஓடிவந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நிலத்தில் உட்கார்ந்து, மஞ்சளாகிப்போன 1996ஆம் ஆண்டுப் பத்திரிகைத் தாளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். இரண்டு கோப்பைகளில் வெடிப்பு. நான்கு நன்றாக இருந்தன.

அன்று அதில் தேநீர் குடித்தோம். உம்மா குடித்துவிட்டுக் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உம்மா இருக்கேக்க ஒரு நாளாவது இதுல தேத்தண்ணி ஊத்திக் குடுத்திருக்கலாம்."

எனக்குப் பதில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

படிப்பும் அனுபவமும் சொல்வது

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைமைப் படித்தோம். மனிதர்கள் ஒன்றுகூடிச் செய்யும் சடங்குகளும் விழாக்களும் அந்தச் சமூகத்தின் பிணைப்பைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கின்றன என்று 1912இல் வெளிவந்த தன் நூலில் அவர் விளக்கினார். பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். உம்மம்மாவின் நிலவுச் சோற்றைப் பற்றித்தான் அவர் எழுதியிருக்கிறார் என்று வெகுகாலம் சென்றே விளங்கியது.

குடும்பத்துக்குள்ளும் இது உண்மை. அமெரிக்க உளவியல் ஆய்வாளர் பார்பரா ஃபீஸும் அவரது குழுவினரும் குடும்ப வழக்கங்கள் பற்றிய ஐம்பது ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சேர்ந்து சாப்பிடுவது போன்ற ஒழுங்கான பழக்கங்களும் சிறு கொண்டாட்டங்களும் உள்ள குடும்பங்களில் பிள்ளைகளின் மனநலத்துக்கும் கணவன் மனைவி உறவுக்கும் அவற்றோடு நல்ல தொடர்பு இருப்பதை எடுத்துக்காட்டினார்கள். பெருஞ்செலவு பற்றி அதில் பேச்சே இல்லை.

செலவு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கரையோரத்தில் முஸ்லிம், தமிழ், சிங்களம் என்ற வேறுபாடில்லாமல் எல்லா வீட்டிலும் உள்ள நோய், விசேஷத்துக்குக் கடன் வாங்குவது. பெண்பிள்ளையின் சடங்குக்கும் கலியாணத்துக்கும் குழுக்கடன் எடுத்து, பிறகு கிழமைக்குக் கிழமை கடன்காரர் வரும் நேரத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களில் நிவாரணம் கொடுக்க அரசாங்கமே முன்வர வேண்டிய அளவுக்கு அந்தச் சுமை பெருகியிருந்தது. "பெரிசாச் செய்வம்" என்று ஒத்திப்போடுகிறவர்களே பெரும்பாலும் கடைசியில் கடனோடு செய்கிறார்கள். சின்னச் சின்னதாக அன்றன்றைக்குச் செய்துவிட்டவர்களுக்கு அந்த ஏக்கம் அவ்வளவு பெருகுவதில்லை.

எங்கள் மகளிர் கூட்டமொன்றில், "உங்கட வீட்டில சந்தோஷமான நேரம் எது?" என்று கேட்டேன். முதலில் சிரிப்பு, பிறகு பேச்சு நிற்கவில்லை. கச்சான் காற்று ஓய்ந்து வள்ளம் முதன்முதலாகக் கடலுக்குப் போய் வந்த நாளில் நல்ல மீனை விற்காமல் வீட்டுக்கு எடுப்பதாக ஒரு மீனவரின் மனைவி சொன்னார். பின்னேரம் பீத்தோவனின் இசையைப் போட்டுக்கொண்டு வரும் சூண்பாண் ஆட்டோவில் கூலி கிடைத்த நாள் மட்டும் ஆளுக்கொரு பணிஸ் வாங்குவதாக இன்னொருவர் சொன்னார். கணவன் சவூதியில் இருக்கும் ஒரு தங்கை, வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டு நேரத்தில் கைத்தொலைபேசியைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்து, அவர் அங்கே சாப்பிட, பிள்ளைகள் இங்கே சாப்பிடுவார்கள் என்றார். நத்தாருக்குக் கேக் வரும் தட்டைப் பெருநாளைக்கு வட்டிலப்பத்தோடு திருப்பி அனுப்புவதாகவும், வெறும் தட்டு எந்த வீட்டுக்கும் போகாது என்றும் ஒரு மூத்த தாய் சொன்னார்.

அதே கூட்டத்தில் ஒரு பெண் மட்டும், "விசேஷம் எண்டா எனக்கு அடுப்படிதான் மிஸ்" என்றார். எல்லோரும் அமைதியானோம். சகோதரிகளே, இதையும் நாம் பேசத்தான் வேண்டும். எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகு சட்டிக்கு அடியில் மிஞ்சியதைத் தாய் தனியாகச் சாப்பிட்டால் அது அவளுக்கு இன்னுமொரு வேலை நாள். ஒரு கறி குறையட்டும். ஆண்பிள்ளை கோப்பை கழுவட்டும். சமைத்தவளும் பாயில் உட்காரட்டும்.

இனி என் கதையைச் சொல்லி முடிக்கிறேன். அந்தப் பிள்ளை கடதாசியை மடித்துக்கொண்டு போன அன்று காலையில், என் சொந்த மகள் தான் வரைந்த ஒரு படத்தைக் காட்ட வந்தாள். நான் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில், "பிறகு பாப்பம் மகள்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். உம்மாவின் அதே சொல்! மாலையில் வீட்டுக்குப் போனதும் பையை வைக்குமுன் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கினேன். கடலும் வள்ளமும் வரைந்திருந்தாள். உம்மா மிச்சமிருந்த பூக் கோப்பைகளில் தேநீர் ஊற்றினார். இப்போதெல்லாம் அவை அலமாரியில் முன் வரிசையில்தான் இருக்கின்றன. ஒன்று போன வருடம் உடைந்தது. "பாவிச்சுத்தானே உடைஞ்சது, பரவாயில்ல" என்றார் உம்மா.

அடுத்த மாதம் கற்பிட்டிப் பாதை வீட்டுக்கு மறுபடி போனேன். முன் அறைச் சுவரில் அந்தப் பெறுபேற்றுக் கடதாசி ஒட்டப்பட்டிருந்தது. நாலாக மடித்த தடம் தெரிந்தது. தாய் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளைதான், "வாப்பா போன்ல பாத்து அழுதார் மிஸ்" என்றாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஏதாவதொரு பெட்டிக்குள் கோப்பைகள் இருக்கும். வீடு பூசி முடியட்டும், கடன் தீரட்டும், அவர் வரட்டும் என்று வைத்திருப்பீர்கள். இன்று பின்னேரம் அவற்றில் ஒன்றை எடுத்துக் கழுவி, வீட்டில் இருக்கும் மூத்தவருக்கு ஒரு தேநீர் ஊற்றிக் கொடுங்கள்.