முளைகட்டிய நெல்

நான் முதன்முதலாக பியர் காய்ச்சியது சிங்கப்பூரில், ஓர் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில். அங்கே அது குற்றமல்ல. 18 வயது நிரம்பியவர்கள் சொந்த உபயோகத்துக்கு, வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மிகாமல், காய்ச்சிக்கொள்ளலாம், விற்கக் கூடாது. என்னோடு வாடகையைப் பகிர்ந்துகொண்ட நண்பர்தான் இதில் என்னை இழுத்துவிட்டார். அவரிடம் இருந்த சாமான்கள் கொஞ்சம்தான். மூடியோடு ஒரு பிளாஸ்டிக் வாளி, மூடியில் செருகத் தண்ணீர் நிரப்பிய ஒரு சின்னக் குழாய் (உள்ளே உண்டாகும் வாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது), ஒரு டப்பா பாகு, கசப்புக்கு ஹாப்ஸ் பூ, ஒரு பொட்டலம் ஈஸ்ட்.

பாகைத் தண்ணீரில் கரைத்து, பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வாளியில் ஊற்றி, ஈஸ்டைத் தூவி மூடிவிட வேண்டும். பியர் காய்ச்சுவதில் காய்ச்சுவது இந்த ஒரு மணி நேரம்தான். மிச்சமெல்லாம் கழுவுவது. வாளி, கரண்டி, குழாய், புட்டி, கை. ஆறிய பிறகு அதைத் தொடும் எதிலும் அழுக்கு இருக்கக் கூடாது. இருந்தால் ஈஸ்ட் வேலையை ஆரம்பிக்குமுன் வேறொன்று ஆரம்பித்துவிடும்.

முதல் தடவை வீணாயிற்று. அறையின் சூடு 30 டிகிரி. அந்த ஈஸ்டுக்கு வேண்டியது 20-க்குப் பக்கம். சூட்டில் அது அவசரப்பட்டு வேலை செய்ததில் நகப்பூச்சு வாசம் அடித்தது. சாக்கடையில் ஊற்றினோம். அடுத்த தடவை வாளியைப் பெரிய தொட்டித் தண்ணீரில் நிறுத்தி, காலையும் மாலையும் பனிக்கட்டியாய் உறைந்த தண்ணீர்ப் புட்டிகளை அதில் மிதக்கவிட்டோம். ராத்திரியில் படுத்திருந்தபடி மூடிக் குழாயின் குபுக் குபுக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் நம்மைத் தவிர இன்னொரு ஜீவன் மூச்சுவிடுவதுபோல் இருந்தது. பத்து நாள் கழித்துச் சிட்டிகைச் சர்க்கரையோடு புட்டியில் அடைத்து, இன்னும் இரண்டு வாரம் வைத்துத் திறந்தோம். நுரை வந்தது. சுமாராக இருந்தது. எங்கள் சந்தோஷம் சுமாராக இல்லை.

ஒருநாள் டப்பாவில் ஒட்டியிருந்த பாகை விரலால் வழித்து நாக்கில் வைத்தேன். இனிப்பு. இனிப்புக்குப் பின்னால் ஒரு வாசனை. எங்கோ தெரிந்த வாசனை. இரண்டு நாள் கழித்து ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது பிடிபட்டது. விதைநெல் சாக்கைப் பிரிக்கும்போது முகத்தில் அடிக்குமே, அதற்கு இது உறவு.

சேத்தியாத்தோப்பில் எங்களுக்கு ஒன்றரைக் காணி. சம்பா நாற்றங்காலுக்கு விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, சணல் சாக்கில் கட்டி, வைக்கோலால் மூடி, மேலே கல்லேற்றி வைப்பாள் அம்மா. மறுநாள் சாக்குக்குள் கையை விட்டால் சுடும். சின்ன வயதில் எனக்கு அது பெரிய ஆச்சரியம். அடுப்பு இல்லை, வெயில் இல்லை, நெல் தானாகக் காய்ச்சல் கண்டதுபோல் சுடுகிறது. பிரித்தால் ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் வெள்ளையாக ஒரு புள்ளி.

டப்பாவில் இருந்ததும் இதுவேதான். நெல்லுக்குப் பதில் பார்லி. பார்லியை ஊறவைத்து, முளைவிட்டதும் சூடுகாட்டி உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்து இனிப்பை இறக்கி, வற்றவைத்த பாகு. தானியம் தன் குழந்தைக்கென்று சேர்த்துவைத்திருப்பது மாவு. குழந்தையால் மாவைத் தின்ன முடியாது. ஆகவே முளைக்கும்போது விதை தனக்குள்ளேயே நொதிகளைச் சுரந்து மாவைச் சர்க்கரையாக்குகிறது. அந்தச் சமயம் பார்த்து மனிதன் குறுக்கே வருகிறான். நாற்றுக்குச் சேரவேண்டிய பாலைத் திருடி ஈஸ்டுக்குக் கொடுக்கிறான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் வாயுவையும் விட்டுச்செல்கிறது. பியர் என்பது இந்தத் திருட்டுதான்.

இதற்கப்புறம்தான் பெரும்பாணாற்றுப்படையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். கல்லூரியில் பரீட்சைக்குப் படித்தது. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் வலைஞர் குடியிருப்பைச் சொல்லுமிடத்தில் கள் சமைக்கும் முறை ஒன்று வருகிறது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி வேகவைக்கிறார்கள். வாயகன்ற தட்டில் பரப்பி ஆறவிடுகிறார்கள். அதில் முளையைக் கலக்கிறார்கள். இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் விளையவிட்டு, பிறகு விரலால் அலைத்துப் பிழிந்து வடிக்கிறார்கள். வரிசை மாறவே இல்லை. அரிசி மாவு நன்றாக வெந்து குழைந்தால்தான் முளையின் நொதிக்கு வசப்படும். ஆனால் கொதிக்கிற களியில் முளையைப் போட்டால் நொதி செத்துவிடும். ஆகவே முதலில் வேகவைக்கவேண்டும், பிறகு ஆற்றவேண்டும், அதற்கப்புறம்தான் முளை. அமெரிக்காவில் அரிசி சேர்த்து பியர் செய்யும் ஆலைகளிலும் அரிசியைத் தனியே வேகவைத்துத்தான் முளைப் பார்லியோடு சேர்க்கிறார்கள்.

சங்க காலத்தை மேடையேற்றுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தொடுவதில்லை. தொடாததும் நல்லதுதான். எனக்கு முக்கியமாகப்பட்டது வேறு. முளை எப்படியிருக்கும் என்பதற்குப் புலவர் ஓர் உவமை வைத்திருக்கிறார்: பாம்பு குடியிருக்கும் புற்றின் உள்ளே இருக்கும் புற்றாஞ்சோறு. கல்லூரியில் இதை அலங்காரம் என்று சொல்லித் தந்தார்கள். இது அலங்காரம் அல்ல. சாக்கை ஒரு நாள் தாமதமாகப் பிரித்தவனுக்குத் தெரியும். வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, நெல் முழுவதும் ஒரே அடையாக, வெளுத்து, துளைதுளையாக எழும்பி வரும். புற்றை வெட்டியவனும் அதைப் பார்த்திருப்பான். எந்தப் பதத்தில் எடுக்கவேண்டும் என்பதை வாசகனின் கண்ணுக்குச் சொல்லும் அளவை அது. செய்முறையாகப் படித்த பிறகுதான் எனக்கு அது கவிதையாயிற்று. நம் விமர்சனத்தில் துல்லியம் என்ற வார்த்தை நிறைய அடிபடுகிறது. துல்லியம் என்பது இதுவாகத்தான் இருக்கவேண்டும்: சொன்னபடி செய்தால் விளையவேண்டும்.

அதே பாட்டில், வீட்டிலேயே சமைத்த தோப்பி என்று இன்னோரிடத்தில் வருகிறது. நெல்லால் செய்த கள்ளுக்கு அப்படியொரு பெயர். எங்கள் ஊர்ப் பெயரில் உள்ளது மரத்தோப்பு. இரண்டையும் முடிச்சுப்போடும் ஆசை எனக்கில்லை.

ஆவணியில் லீவில் ஊருக்கு வந்தபோது சாக்கு கட்டியிருந்தது. வீட்டில் எடுத்துவைத்த வெள்ளைப் பொன்னி. கடை விதைநெல்போல் மருந்து கலக்காதது. ஒரு படி முளை கேட்டேன். எதற்கென்று கேட்டாள் அம்மா. சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்தபிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அப்பா குடித்தவர். தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1971-இல் தளர்ந்தது. 1974-இல் திரும்ப வந்தது. 1981-இல் திரும்பப் போனது. 1987 ஜனவரி 1-ந் தேதி கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. இந்தத் தேதிகளில் ஒன்றுகூட அப்பா வீடு திரும்பும் நடையை மாற்றவில்லை என்பாள் அம்மா. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது டிவியை அணைக்காமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாள். அவர்களைக் கொன்றது மெத்தனால், தானியம் புளித்து அப்படியொரு விஷம் வராது, யாரோ ஊற்றிக் கலந்தது என்று போனில் விளக்கினேன். "செத்தவங்களுக்குப் போய்ச் சொல்லு" என்றாள். என் ரசாயனம் அதோடு முடிந்தது.

சட்டமும் அவள் பக்கம்தான். 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம், அனுமதியில்லாமல் மது தயாரிப்பதைக் குற்றம் என்கிறது. தன் வீட்டில் தனக்கென்று செய்தாலும் தயாரிப்புதான். ஊரில் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து வடித்த சாராயத்திலிருந்து இந்த நாட்டில் விஸ்கியும் பிராந்தியும் உண்டாகின்றன. அரசாங்கக் கடையில் கிடைக்கும். நெல் வைத்திருப்பவன்தான் கையைக் கட்டிக்கொள்ளவேண்டும். இதில் உள்ள அபத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதை அம்மாவிடம் வாதமாக வைக்க எனக்கு வாய் வரவில்லை.

பாதிவரை செய்கிறேன் என்றேன். இனிப்பு வரும்வரை மட்டும். அதுவரை அது கஞ்சி; சட்டத்துக்கும் அம்மாவுக்கும் பொது.

அரிசியைக் குழைய வேகவைத்து, கை பொறுக்காத சூட்டுக்கு ஆறவிட்டு, அம்மியில் நைத்த முளையைப் போட்டுக் கிளறினேன். கரண்டி நின்ற களி கால் மணி நேரத்தில் என் கண்ணெதிரே இளகித் தண்ணீராக ஓடிற்று. அம்மா கிட்டே வந்து பார்த்தாள். "தண்ணி ஊத்துனியா?" என்றாள். இல்லை என்றேன். பாத்திரத்தைத் துணியால் சுற்றி வைக்கோலுக்குள் வைத்தேன், விதைச் சாக்குக்குப் பக்கத்திலேயே. சாயங்காலம் வடித்தோம். நெல்லின் உமியே அடியில் படிந்து வடிகட்டியாயிற்று. மங்கலான திரவம். சன்னமான இனிப்பு, பாகு அளவுக்கு இல்லை.

அரை டம்ளர் குடித்தாள்.

"சக்கர போட்டியா?"

"போடலம்மா."

"பொய் சொல்லாத." இன்னொரு வாய் குடித்தாள். "பாயசமாட்டம் இருக்கு."

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கொல்லைப்பக்கம் சத்தம் கேட்டது. மிச்சத்தை மாட்டுத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மாடு ஆவலாக உறிஞ்சியது. "ராவுக்கு வச்சா புளிச்சிடும்" என்றாள், என்னைப் பார்க்காமல். இதை நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அடுத்த படி எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு காலமாக என்று நான் கேட்கவில்லை.

பாத்திரத்தை அவளே தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாள். நான் கழுவுவதைவிடச் சுத்தமாக.