நான்கு நட்டுகளை நம்பி நிற்கும் சக்கரம்

சென்னை திருவொற்றியூரில், நெடுஞ்சாலையிலிருந்து விலகிய ஒரு சந்தில் இருக்கிறது அந்தப் பட்டறை. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் தொழிற்சாலை இந்த ஊரில்தான் எழுந்தது. பழைய புல்லட்டின் முன்சக்கரத்தைக் கழற்றுவதைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

வார்ப்பிரும்பு இன்ஜின் போட்ட 350 ஒன்று நின்றிருந்தது. முன் டயர் மாற்ற வேண்டும். பிரேக் ஷூவும் தேய்ந்திருக்கிறது. நான் ஸ்பானரை எதிர்பார்த்துக் குனிந்தால், மெக்கானிக் அண்ணன் இரண்டு மரக்கட்டைகளை எடுத்தார்.

“மொதல்ல வண்டி நிக்கணும் தம்பி. அப்புறந்தான் சக்கரம்.”

சென்டர் ஸ்டாண்டின் இரு கால்களுக்கடியிலும் கட்டை கொடுத்து, வண்டியைப் பின்சக்கரத்தின் மேல் சாய்த்ததும் முன்சக்கரம் தரையை விட்டு எழுந்தது. 160 கிலோவுக்கு மேல் கனக்கும் வண்டி இது. சக்கரம் வெளியே வரும் நேரத்தில் எடை இடம் மாறும். இழுக்கிற இழுப்பில் முன்னால் கவிழவும் கூடும். அதற்காக இன்ஜினுக்கு அடியிலும் ஒரு முட்டு வைத்தார். கையால் அசைத்துப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகே அடுத்த வேலை.

பிரேக் கேபிளின் அட்ஜஸ்டரைத் தளர்த்தி, ஹேண்டில்பார் லீவரிலும் டிரம்மின் கையிலும் கேபிளை விடுவித்தார். பிறகுதான் நான் பார்க்க வந்த இடம்.

புல்லட்டில் ஆக்சிலைப் பக்கவாட்டில் உருவ வேண்டியதில்லை. ஒவ்வொரு ஃபோர்க் காலின் அடியிலும் அரைவட்டக் குழி. அதற்குள் ஆக்சில் முனை அமர்ந்திருக்கிறது. மீதி அரைவட்டம் தனி மூடி, அதாவது கேப். கேப்புக்கு இரண்டு நட்டு. இருபுறமும் சேர்த்து நான்கு. அந்த நான்கையும் எடுத்தால் சக்கரம் முழுசாகக் கீழே இறங்கிவிடும். பி.எஸ்.ஏ. ஏ10 போன்ற வண்டிகளில் கதை வேறு. அதில் ஆக்சிலையே திருகி உருவ வேண்டும், மரையோ இடப்புரி. தெரியாதவர் வழக்கமான திசையில் பலம் போட்டால் அது மேலும் இறுகிக்கொள்ளும்.

பழைய புல்லட்டின் நட்டுகள் அங்குலக் கணக்கு. கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் நட்டின் மூலைகள் மழுங்கும். இந்த வண்டியிலேயே ஒரு நட்டு அப்படி உருண்டு போயிருந்தது. முந்தைய நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்ததால் நல்லவேளையாக இளகிக் கொடுத்தது. கழற்றிய கேப்புகளை இடம், வலம், முன்பக்கம் என்று சாக்பீஸால் குறித்துத் தட்டில் வைத்தார். இத்தனை வருடம் எந்தக் காலோடு சேர்ந்து தேய்ந்ததோ, அதே காலுக்கு அதே வாக்கில் திரும்பப் போக வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

டிரம்மைத் திறந்ததும் உதவிக்கு இருந்த பையன் காற்றுக் குழாயை நீட்டினான். “ஊதாதடா!” என்று அதட்டினார். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத் துணியால் துடைத்து, துணியை மூடிக் கட்டிப் போட்டார்கள். எத்தனையோ பட்டறைகளில் இந்தத் தூளை வாயாலேயே ஊதுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

பேரிங்கை விரலால் சுற்றிப் பார்த்தார், சொரசொரப்பில்லை. 3.25-19 டயர் மாறியது, ஷூ மாறியது. அதில் விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மாட்டுவதுதான் நேரம் பிடித்தது. ஆக்சிலின் இரு முனைகளிலும் ஒரு காடி வெட்டியிருக்கிறது. கேப் அந்தக் காடிக்குள் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காமல் நட்டைத் தொடவே இல்லை. பிரேக் பிளேட் ஃபோர்க் காலோடு பிடித்து நிற்கும் இடத்தையும் பார்த்துக்கொண்டார். அது சரியாக அமராவிட்டால், பிரேக் பிடிக்கும்போது பிளேட்டும் சக்கரத்தோடு சுழலப் பார்க்கும்.

நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். ஒரே நட்டை முதலில் இறுக்கிவிட்டால் கேப் சாய்ந்து நிற்கும். ஸ்டட் வளையும், கேப்பில் விரிசலும் விழலாம். கேப்புக்கும் காலுக்கும் நடுவே முன்னும் பின்னும் தெரியும் இடைவெளி ஒன்றுபோல இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு பக்கத்தை முடித்து, மறுபக்கத்தை லேசாகத் தளரவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி ஃபோர்க்கை நாலைந்து தடவை அமுக்கினார். கால்கள் இரண்டும் இறுக்கமில்லாமல் தம் இடத்தில் உட்கார்ந்த பிறகே கடைசி முடுக்கு.

கேபிளை மாட்டி, லீவரை இறுகப் பிடித்தபடியே பிளேட்டின் நட்டை முடுக்கினார். அப்போதுதான் ஷூ இரண்டும் டிரம்மின் நடுவுக்கு வரும்.

வண்டிக்காரர் சாவியை வாங்கும்போது கேட்டார், “பீச் ரோட்டுல ஒரு ரவுண்டு போலாமாண்ணே?”

“மெதுவாப் போங்க, புது ஷூ இன்னும் பிடிக்காது. நாளைக்குக் காலையில இங்க வாங்க. நாலு நட்டையும் இன்னொரு தடவை பாத்து அனுப்புறேன்.”