பிரிந்தோர் கூடலும் மேய்ச்சல் நிலமும்

ஆநிரை மேய்ப்போர் வாழ்வில் பிரிவு தொழிலோடு உடன்பிறந்தது. புல்லும் நீரும் நாடி ஒருவர் செல்ல, மற்றொருவர் காத்திருத்தல் அந்நிலத்தின் இயல்பு. ஆதலின் மேய்ச்சல் நிலத்தைக் களமாகக் கொண்ட இலக்கியம், பிரிந்தோர் மீண்டும் கூடுவதைத் தன் நடுப்பொருளாகக் கொள்வதில் வியப்பில்லை. அமெரிக்கக் கௌபாய் காதல் புதினங்கள், தமிழின் முல்லைத் திணை, போசரி சூழ்ந்த மராட்டிய மண்ணில் வழங்கும் பண்டரிபுரக் கதை ஆகிய மூன்றையும் ஒருங்குவைத்து நோக்கின், இக்கூடல் வெவ்வேறு அறங்களின்மேல் நிற்பது புலனாகும்.

விளக்கம் கேட்கும் கூடல்

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின், 1867 முதல், டெக்சாசின் மாட்டு மந்தைகள் கேன்சசு மாநிலத்து அபிலீன் முதலிய இரயில் நகரங்களுக்குப் பல வாரப் பயணமாக ஓட்டிச் செல்லப்பட்டன. 1874இல் கிளிடன் காப்புரிமை பெற்ற முள்கம்பியும் இரயில் பாதைகளின் பெருக்கமும் அத்திறந்த வெளியை விரைவில் அடைத்தன. தொழில் சுருங்கியபின் கதை வளர்ந்தது. ஓவன் விசுட்டரின் ‘தி வர்ஜீனியன்’ (1902) கௌபாயைக் காதல் தலைவனாக நிலைநிறுத்தியது. பின்னாளில் பெருகிய காதல் புதினங்களுள் ‘இரண்டாம் வாய்ப்பு’ என்றே ஒரு வகை உண்டு. இளமையில் பிரிந்த இருவர் பல்லாண்டு கழித்து அதே பண்ணையில் எதிர்ப்படுவர். விட்டுச் சென்றது ஏன் என்னும் வினாவே புதினத்தின் பெரும்பகுதியை நடத்துகிறது. அதற்குத் தக்க விடை கிடைத்த பின்னரே கூடல் நிகழும்.

பருவம் காக்கும் கூடல்

முல்லையில் இவ்வினா எழுவதில்லை. காடும் காடு சார்ந்த நிலமும், கார்காலமும், மாலைப்பொழுதும், இருத்தல் என்னும் உரிப்பொருளும் அத்திணையின் வரம்புகள். தலைவன் சென்றது ஏன் என்பது தலைவிக்குத் தெரியும். வருவதாகக் கூறிய பருவமும் தெரியும். மழை வந்தும் அவன் வாராமையே அவளது துயரம். பிரிந்த தலைவன் பெரும்பாலும் போர்மேற் சென்றவன். காத்திருப்பின் மொழியோ ஆயர் மொழியாக அமைகிறது. நப்பூதனாரின் முல்லைப்பாட்டில், நற்சொல் கேட்க ஊர்ப்புறம் சென்ற முதுபெண்டிர், கட்டிய கன்றைத் தேற்றும் ஆய்மகள் ஒருத்தியின் சொல்லைக் கேட்கின்றனர். மேயச் சென்ற தாய்ப்பசுக்கள் இப்பொழுதே வந்துவிடும் என்பது அவள் கன்றுக்குக் கூறிய ஆறுதல். அச்சொல்லே தலைவியின் கூடலுக்கு நிமித்தமாகிறது. பாசறையில் இருக்கும் வேந்தனின் வருகைக்கு இடைச்சேரியின் அன்றாட மாலை உறுதியளிக்கிறது என்பது கருதத்தக்கது.

தேடிச் செல்லும் கூடல்

போசரி இன்று பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்குட்பட்ட தொழிற்பகுதி. புணே-நாசிக் நெடுஞ்சாலை இதனூடே செல்கிறது. ஆயினும் இவ்வட்டாரத்தின் பழைய வழிகள் ஆடுமாடுகளோடு தொடர்புடையவை. தங்கர் எனப்படும் இடையருள் ஒரு சாரார் தீபாவளிக்குப் பின் தம் மந்தைகளுடன் கொங்கணத்திற்குச் சென்று, மழைக்காலத்தை ஒட்டி ஊர் திரும்பும் வழக்கமுடையவர். ஜெஜுரிக் கண்டோபா, தங்கர் மகளாகிய பானாயியின்பால் கொண்ட காதலால் அவள் இல்லத்தில் ஆடு மேய்த்தான் என்பது அவர்தம் வழக்கு.

போசரிக்கு அண்மையிலுள்ள ஆளந்தியிலிருந்து ஞானேசுவரர் பல்லக்கு ஆண்டுதோறும் மழைத் தொடக்கத்தில் பண்டரிபுரம் புறப்படுகிறது. அது சென்றடையும் தலத்தின் கதை, பிரிந்தோர் கூடலின் கதையாகும். கண்ணன் இராதையைத் தன் அருகே அமர்த்தியது கண்டு ஊடிய உருக்குமணி, துவாரகையை நீங்கித் திண்டீரவனம் வந்தாள். கண்ணன் ஆநிரையோடும் ஆயரோடும் அவளைத் தேடி வந்து, அவர்களைக் கோபாலபுரத்தில் நிறுத்திவிட்டு அவளைக் கண்டான் என்பர். விட்டலன் தொடக்கத்தில் ஆயர் தெய்வமே என்பதை இரா. சிம். தேரே தம் ‘ஸ்ரீ விட்டல்: ஏக் மகாசமன்வய்’ (1984) நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இக்கதையில் பிரிந்து சென்றவள் பெண். தேடி வந்தவன் ஆண். ஊடலுக்குரிய காரணம் அவனிடத்தே உள்ளது. எனவே நடந்து வரும் கடனும் அவனுடையதாகிறது. மேலும், கூடிய பின்னரும் உருக்குமணிக்குத் தனிக்கருவறையே அமைந்துள்ளது. கூடல் அவளது மனக்குறையை அழித்துவிடவில்லை என்று அக்கட்டட அமைப்பைப் பொருள் கொள்ள இடமுண்டு.

திணை மயக்கம்

தமிழ் மரபில் ஊடல் மருதத்திற்குரியது. பண்டரிபுரக் கதையில் அது காட்டையும் ஆநிரையையும் களமாகக் கொள்கிறது. கௌபாய் புதினங்களிலும் முல்லையின் முதலும் கருவும் மருதத்தின் உரியோடு கலந்துள்ளன. உரிப்பொருள் அல்லாதன மயங்கி வரலாம் என்னும் தொல்காப்பியர் கருத்து இவ்விரண்டையும் விளக்கப் போதுமானது. நிலத்தை மட்டும் நோக்கி இவற்றை முல்லை எனக் கொள்வது பிழையாகும்.

இவ்வேறுபாடு வாழ்வுக்கும் பொருந்தும். தமிழகம் உள்ளிட்ட பல மாநிலத்தார் பிழைப்பு நாடிப் போசரிக்கு வந்துள்ளனர். ஊரில் காத்திருப்போரும் உளர். தொழிலால் நேர்ந்த பிரிவுக்குக் குறித்த நாளில் திரும்புதலே விடையாகலாம். மனம் நொந்து நேர்ந்த பிரிவுக்குப் பருவ வருகை போதாது. நோகச் செய்தவர் தேடிச் செல்லுதல் வேண்டும். காத்திருத்தலைப் பெண்ணின் கற்பாகவே போற்றிவந்த முல்லை உரைமரபுக்கு அருகில், ஆநிரையோடு வந்து நின்ற விட்டலனையும் வைத்துப் படிப்பது, கூடலில் யாருடைய கடன் எது என்பதைத் தெளிவாக்கும் எனலாம்.