ஓடவில்லை என்கிற சொல்

லெகோ பெட்டியோடு வரும் புத்தகத்தில் கட்டுகிற பக்கங்கள் நெடுகிலும் வாக்கியம் என்று ஒன்று கிடையாது. டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊரில் 1932-ல் ஒரு தச்சர் ஆரம்பித்த பட்டறையிலிருந்து வந்தது இது. 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைக் குறுக்கிப் பெயராக்கினார்கள். 1958-ல் காப்புரிமை கோரிய கட்டையும் இன்று வார்க்கிற கட்டையும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும். எல்லா தேசத்துக்கும் ஒரே புத்தகம் போக வேண்டியிருப்பதால் படமே பாஷை. இந்தத் துண்டை எடு, இத்தனை எடு, இங்கே செருகு. 'செய்யாதே' என்பதைக்கூட ஒரு பெருக்கல் குறியால் சொல்லிவிடலாம். 'ஒருவேளை' என்பதைத்தான் வரைய முடியாது. 'இப்படி இருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்' என்ற வாக்கியத்துக்கு யாரும் படம் போட்டு நான் பார்த்ததில்லை.

ஆகவே, கட்டி முடித்தது ஓடாமல் நின்றுவிட்டால் புத்தகத்துக்கு வேலை முடிந்துபோகிறது. அதற்குமேல் போகப் பேச்சு வேண்டியிருக்கிறது.

அக்கா பையன் கட்டியது 1977-ல் தொடங்கிய டெக்னிக் வரிசையைச் சேர்ந்த ஒரு கிரேன். அச்சு, பற்சக்கரம், துளையிட்ட சட்டம், மோட்டார் என்று இரண்டாயிரத்துச் சொச்சம் துண்டுகள், நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். ஒரே மோட்டார்தான். லீவரை ஒரு பக்கம் தள்ளினால் கால்கள் விரியும், இன்னொரு பக்கம் தள்ளினால் கொக்கி இறங்கும், மூன்றாவதில் கை உயரும். உயர வேண்டும். ஸ்விட்சைப் போட்டால் உறுமிவிட்டு நின்றது.

"ஓடல மாமா" என்றான்.

பன்னிரண்டு வயதுப் பையனிடம் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்பதும் உண்மை. பாட்டரி தீர்ந்த கிரேனும் ஓடாது, பற்சக்கரம் விலகியதும் ஓடாது, அச்சு இறுகியதும் ஓடாது. மூன்றுக்கும் ஒரே சொல்.

"பிரிச்சுப் போட்டு மொதல்லேர்ந்து கட்டிடலாமா மாமா?" என்று கேட்டான். நான் சம்மதிக்கவில்லை. எல்லாவற்றையும் பிரித்தால் கோளாறும் துண்டுகளோடு சேர்ந்து டப்பாவுக்குள் போய்விடும். மறுபடி கட்டும்போது ஓடினாலும் ஏன் ஓடியது என்று தெரியாது.

பாட்டரிப் பெட்டியில் ஆறு செல்கள். அவன் போட்டிருந்தது திரும்பத் திரும்ப சார்ஜ் செய்கிற வகை. சாதாரண செல் ஒன்று ஒன்றரை வோல்ட், ஆறுக்கு 9. இந்த வகை ஒன்றுக்கு 1.2, ஆறுக்கு 7.2. சும்மா சுற்ற அது தாராளம், சுமை தூக்கும்போது போதாமல் போகலாம். புதுச் செல் வாங்கிப் போட்டோம். அப்போதும் உறுமல்தான். பிடித்து நிறுத்திய மோட்டார் சூடாகும் என்பதால் மேலும் ஸ்விட்சைப் போட அவனை விடவில்லை. மோட்டாரை மட்டும் கழற்றிப் போட்டுப் பார்த்தால் சுகமாகச் சுற்றியது. ஆக, கோளாறு மின்சாரத்தில் இல்லை, உடம்பில்.

மோட்டார் இருந்த இடத்தில் ஓர் அச்சைச் செருகி விரலால் சுற்றச் சொன்னேன். இங்கேதான் எனக்கு ருசி தட்டியது. விரலுக்குத் தெரிகிற தடைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. சுற்று முழுவதும் ஒரே சீராகக் கனத்தால், எங்கோ ஒரு புஷ் சட்டத்தோடு ஒட்டி அழுந்தியிருக்கிறது. நகக்கண் அளவு தள்ளி வைத்தால் போதும். ஒரே இடத்தில் மட்டும் தடுக்கினால் பல்லில் குற்றம். எந்த அச்சின் சுற்றுக்கு ஒரு தரம் தடுக்குகிறது என்று எண்ணினால் எந்தச் சக்கரம் என்று தெரியும். எட்டுப் பல் சக்கரம் மூன்று முறை சுற்றினால்தான் இருபத்துநான்கு பல் சக்கரம் ஒரு முறை சுற்றும். கொஞ்சம் சுற்றி விட்டதும் விரலைத் திருப்பித் தள்ளினால், அப்பால் ஏதோ முழுசாகப் பூட்டிக்கொண்டிருக்கிறது, இடையிலுள்ள பிளாஸ்டிக் அச்சு முறுக்கேறித் திமிறுகிறது. எதிர்ப்பே இல்லாமல் சுற்றினால் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது. பையன் அரைமணியில் 'ஓடல'வை விட்டுவிட்டான். "இறுகுது", "தடுக்குது", "திருப்பித் தள்ளுது" என்று சொல்ல ஆரம்பித்தான்.

கால்களில் சுகமாகச் சுற்றியது, கொக்கியிலும். கைக்கு மாற்றியதும் திருப்பித் தள்ளியது.

பாங்கில் எனக்கு இது பழக்கமான காரியம். மாலையில் கணக்கு டேலி ஆகவில்லை என்றால் புதுசாக வந்தவர்கள் முதல் ரூபாயிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். ஓய்வு பெற்றுவிட்ட எங்கள் தலைமை கேஷியர் வித்தியாசத்தை முதலில் ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் வகுபட்டால் யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கலாம். 540-ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. இப்போது கூட்டுவது கம்ப்யூட்டர், எண்ணை உள்ளே போடுவது விரல்தான்.

கிரேனின் கையை இரண்டு திருகுத் தண்டுகள் தூக்குகின்றன. சுற்றினால் நீளும், எதிராகச் சுற்றினால் குறுகும். ஒன்றின் ஊசியைக் கழற்றி விட்டதும் இரண்டும் தனித்தனியே சுகமாக நகர்ந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்று மற்றதைவிட ஒரு நூல் நீளம். பொருத்துவதற்கு முன் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்திருக்கிறான். புத்தகத்தில் இரண்டும் முழுக்கச் சுருங்கிய நிலையில்தான் வரைந்திருக்கிறது; ஏன் அப்படி என்று படம் சொல்லவில்லை. ஒரே சுமையை இரண்டு வெவ்வேறு நீளங்கள் தாங்க முயன்று ஒன்றையொன்று பூட்டியிருக்கின்றன. இரண்டையும் முழுக்கச் சுருக்கிப் பொருத்தினோம். கை உயர்ந்தது.

போன மாதம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஓர் இளைஞன் நீண்ட கவிதை ஒன்றை வாசித்தான். வாசித்து முடித்துக் காகிதத்தை மடிமேல் வைத்துக்கொண்டு பென்சிலோடு காத்திருந்தான். "எழும்பல" என்றார் ஒருவர். "சோபிக்கலை" என்றார் இன்னொருவர். எந்த இடத்தில் என்று கேட்டேன். மொத்தமாகவே என்றார்கள். பென்சிலுக்கு வேலையில்லாமல் போயிற்று. எழும்பல, சோபிக்கலை, ஓடல: அந்தப் பையனாவது அரைமணியில் வெளியே வந்துவிட்டான், நாம் தலைமுறைகளாக உள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம். செல்லப்பா 1959-ல் 'எழுத்து' ஆரம்பித்து அலசல், அலசல் என்று கரடியாகக் கத்தினார். அலசல் என்றால் இன்னும் பலருக்கு முகம் சுளிக்கிறது. கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் பெயர் நீக்கிய கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து அவர்கள் எழுதித் தந்ததை 1929-ல் புத்தகமாக்கினார். 'பிடிக்கவில்லை' என்பதைப் பத்து விதமான இடர்ப்பாடுகளாக அவர் பிரித்துக் காட்டினார்: நேர்ப்பொருளே பிடிபடாதது, சம்பந்தமில்லாத சொந்த ஞாபகம் குறுக்கே வருவது, முன்கூட்டியே தயாராக இருக்கும் உணர்ச்சியைக் கவிதைமேல் ஏற்றுவது என்று. இவற்றில் பெரும்பாலானவை வாசகன் பக்கத்துக் கோளாறுகள் என்பது கவனிக்க வேண்டியது. முதலில் பாட்டரியைப் பார் என்கிறார்.

அந்தக் கவிதையை வாங்கிவந்து வைத்திருந்தேன். கிரேனுக்குப் பிறகு ஒரு ராத்திரி, பகுதி பகுதியாக மற்றதை மூடி வைத்துக்கொண்டு வாசித்தேன். முதல் இரண்டு பகுதிகளும் தாமாக நகர்கின்றன. மூன்றாவதில் தகப்பனின் மௌனத்தை ஒரு கிணறும் ஒரு பூட்டிய கடையும் சேர்ந்து தூக்கப் பார்க்கின்றன. கிணறு நான்கு வரி ஆழம் போகிறது. கடை ஒன்றரை வரியில் நின்றுவிடுகிறது. ஒன்றை மூடிக்கொண்டு வாசித்தால் மற்றது ஓடுகிறது.

கவிதை யந்திரமல்ல என்று எனக்கும் தெரியும். கிரேனில் இரண்டு தண்டுகளையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். இங்கே ஒன்றை எடுத்துவிட வேண்டியிருக்குமோ, அல்லது அந்தக் கோணல்தான் அவனுக்கு வேண்டியிருக்கிறதோ, அதை அவன்தான் சொல்ல வேண்டும். கிணறு தொடங்கும் வரியிலும் கடை நிற்கும் வரியிலும் பென்சிலால் கோடு போட்டு, 'இரண்டும் ஒரே சுமை, வேறு வேறு நீளம், இறுகுகிறது' என்று ஓரத்தில் எழுதித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.