அடைக்கலம் புகுந்த ஜீவன்

சிவாலயத்தை வலம் வருவோர் வடகிழக்கு மூலையில் பைரவர் சந்நிதியில் கைகூப்பி நிற்கின்றனர். பெருமானின் வாகனமாகிய நாயையும் வணங்குகின்றனர். வீட்டில் வளர்ந்த நாய்க்கு முதுமையும் நோயும் ஒருசேர வரும்போது, எது கருணை என்ற கேள்வி அந்த வீட்டாரை வாட்டுகிறது.

பணி ஓய்வு பெற்ற தம்பதியர் இருவருக்கு அக்கேள்வி எழுந்தது. 12 ஆண்டுகள் அவர்களோடு வாழ்ந்த பெண் நாய்க்கு மடியில் கட்டி கண்டது. கருத்தடை செய்யப்படாத பெண் நாய்களுக்கு இந்நோய் மிகுதியாக வருவதுண்டு. பரவாத நிலையில் அறுவை சிகிச்சை நற்பலன் தரும். ஆனால் எக்ஸ்ரே படத்தில் நுரையீரலிலும் நோய் பரவியிருப்பது தெரிந்தது. மருந்தேற்றினாலும் நோய் தீராது, சிறிது காலம் நீளக்கூடும் என்றார் கால்நடை மருத்துவர்.

கணவர் செலவைப் பொருட்படுத்தவில்லை. "தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டு வரும் சுவர்க்கம் வேண்டாம் என்றார் தருமர். நாம் மட்டும் கைவிடலாமா?" என்று கலங்கினார். மகாபாரதத்தின் 17-ஆவது பருவமாகிய மகாபிரஸ்தானிக பருவம் அவர் பலமுறை படித்தது.

மனைவி சற்று நேரம் மௌனமாக இருந்தார். "தருமர் அதைப் பிரியவில்லை. நாமும் இவளைப் பிரியப் போவதில்லையே. ஊசியும் மருத்துவமனையும் இவளுக்காகவா, இவள் இல்லாத வீட்டை நினைத்து நாம் அஞ்சுவதாலா? அதை யோசியுங்கள்" என்றார்.

திருவண்ணாமலை இரமணாசிரமத்தில் லட்சுமி என்னும் பசுவுக்கும் ஜாக்கி என்னும் நாய்க்கும் சமாதிகள் உள்ளன. 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லட்சுமி உயிர் நீத்தபோது, பகவான் இரமணர் அருகில் அமர்ந்து அதன் தலையில் கரம் வைத்திருந்தார். மறு ஆண்டு அவர்தம் இடக்கையில் எழுந்த புற்றுக்கட்டிக்கு அறுவை சிகிச்சைகள் நடந்தன. அவற்றுக்கு உடன்பட்டவர், கையையே அகற்றலாம் என்றபோது மறுத்துவிட்டார். சிகிச்சையை ஏற்பதற்கு ஒரு காலம் உண்டு. போதும் என்பதற்கும் ஒரு காலம் உண்டு.

தம்பதியர் அறுவையும் மருந்தேற்றலும் வேண்டாமெனத் தீர்மானித்து, வலி தணிக்கும் மருந்தை மட்டும் கேட்டுப் பெற்றனர். அன்று அது உண்டதா, தானே எழுந்ததா, அமைதியாக உறங்கியதா என்று பார்த்து, ஒவ்வோர் இரவும் நாட்காட்டித் தாளில் குறித்து வைத்தார் கணவர். வேதனை மிகும் நாட்கள் கூடினால் உடனே அழைக்குமாறு மருத்துவரும் சொல்லியிருந்தார்.

அழைக்க நேரவில்லை. ஒரு விடியற்காலையில், நெற்றியில் திருநீறும் நாவில் ஒரு துளி கங்கை நீருமாக, கணவரின் மடியிலேயே அதன் மூச்சு அடங்கிற்று. அவருடைய கை அதன் தலைமீது இருந்தது. கைவிட்டோமோ என்ற ஐயம் அதன்பின் அவருக்கு எழவில்லை.