தங்கம் போன பின் தங்கவயல்

தங்கம் என்றால் நம் இல்லங்களில் கலியாணம் நினைவுக்கு வரும், அல்லது அடகுக்கடை. அதைப் பூமிக்குள்ளிருந்து கொண்டு வந்தவர்கள் யார் என்று விசாரிப்போர் அபூர்வம். விசாரிக்க விரும்புவோர் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. கிருஷ்ணகிரிக்கு வடக்கே, எல்லைக்கு அப்பால், கோலார் தங்கவயல் இருக்கிறது.

கோடை விடுமுறையில் ஒரு நாள் பங்காருப்பேட்டையில் ரயிலேறி மாரிக்குப்பத்தில் இறங்கினேன். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வேலை தொடங்கிய பூமி அது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இங்கே வந்தது. பெங்களூரில் விளக்கு எரிந்ததோ மூன்று ஆண்டுகள் கழித்துத்தான்! துரைமார்களுக்குப் பங்களாவும் கிளப்பும்; வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து பிழைக்கச் சென்ற நம்மவர்களுக்கு மூங்கில் தட்டி வீடுகள். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், வெப்பத்திலும் பாறைத் தூசியிலும் அவர்கள் உழைத்தார்கள். ஆனால் அவர்கள் வெறும் கூலிகளாக இருந்துவிடவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது; அவருடைய நூல்கள் சாம்பியன் ரீப் பகுதியிலிருந்த சித்தார்த்தா அச்சகத்தில் அச்சாயின. 1965-இல் அதே சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழத்தில்தான் வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோத் துகளின் தடயத்தை விஞ்ஞானிகள் கண்டார்கள்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், ஜெர்மனியின் எஸ்ஸன் நகரிலுள்ள ஸோல்வெரைன் நிலக்கரிச் சுரங்கத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 1986-இல் வேலை நின்ற அந்த இடத்தில் இன்று பிர்ச் மரங்கள் வளர்ந்திருக்கின்றன. நிலக்கரி கழுவிய கட்டடம் பொருட்காட்சிச் சாலையாகிவிட்டது.

இங்கேயும் இயற்கை தன்னால் ஆனதைச் செய்கிறது. சயனைட் கரைசலில் தங்கம் பிரித்தெடுத்த மண், குன்று குன்றாகக் குவிந்து கிடக்கிறது. சரிவுகளில் புல்லும் முட்செடியும் பிடித்திருக்கின்றன. ஆயினும் காற்றடித்தால் அப்பொடி வீடுகளுக்குள் புகுகிறது. சுரங்கத்தில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளோ விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

அருகே பெத்தபள்ளியிலுள்ள எரிமலைப் பாறைகள் தேசிய புவியியல் சின்னமாகப் போற்றப்படுகின்றன. மெத்த நல்லது. பாறைக்குக் கிடைத்த மரியாதை, பாறையை உடைத்தவர்களுக்கும் கிடைக்க வேண்டாமா? கழிவு மேடுகளில் எஞ்சிய தங்கத்தை எடுக்க 2024-இல் கர்நாடக மந்திரிசபை இசைந்தது. மண்வெட்டி விழுமுன் தூசிக்கு ஒரு தடுப்பும், தொழிலாளர் வரலாற்றுக்கு ஒரு கூடமும் அமைய வேண்டும். கீழே இறங்கிய பெரியவர்கள் சிலர் இன்னும் திண்ணைகளில் இருக்கிறார்கள். கேட்பார் உண்டானால் சொல்வார்கள்.